கீழே வைத்த கூடை

பராலுங்
6 மே 2003

தம்பி மெஹ்திக்கு,

ஸலாம். உன் அக்கா கனீஸ் உயிரோடுதான் இருக்கிறேன். நலம் விசாரிப்பதெல்லாம் இத்தோடு போதும். இந்த முறை வாத்தியாரிடம் சொல்லி எழுத வைக்கவில்லை. அவரிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிடும். என் எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுமையாகப் படி. பன்னிரண்டு வருஷம் ஊர்ப்பக்கமே வராமல் பொறுமையாக இருந்தவனுக்கு இது பெரிய விஷயமில்லை.

சேதி என்னவென்றால், பனி பிடித்துவிட்டது. நீங்கள் இருபத்து நான்கு பேர் சுமந்துகொண்டு போய் மேலே நிழல் பள்ளத்தில் நட்டீர்களே, அந்தப் பனிதான். ஆண் பனி பன்னிரண்டு கூடை, பெண் பனி பன்னிரண்டு கூடை, இரண்டுக்கும் கல்யாணம் பண்ணி வைத்தால் புதுப் பனிப்பாறை வளரும் என்று. அப்புறம் வருஷா வருஷம் இலையுதிர் காலத்தில் ஊரே ஏறிப்போய்க் கரியும் உமியும் போட்டு மூடிவிட்டு வரும். பத்து வருஷம் ஒன்றும் தெரியவில்லை. போன வருஷம் கல்லுக்கடியில் நீலமாகத் தெரிகிறது என்றார்கள். இந்த ஏப்ரலில் அதிலிருந்து தண்ணீர் இறங்கிவிட்டது. பழைய ஓடை பள்ளிவாசலைத் தாண்டி வருவதேயில்லை, மலையில் அந்த அளவுக்குப் பனி விழுவதில்லை. இப்போது புது வாய்க்கால் என் வரப்பை உரசிக்கொண்டு சலசலவென்று ஓடுகிறது. சந்தோஷமா என்று கேட்காதே.

கூட்டம் போட்டார்கள். கூடை சுமந்தவனுக்குக் கூடைக்கு ஒரு பங்கு, பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை அரை நாள் தண்ணீர் என்று முடிவு. தலைவர் ஹாஜி இஸ்மாயில் பழைய காகிதத்தைப் பார்த்து இருபத்து நான்கு பெயரையும் படித்தார். போன வருஷம் போய்ச்சேர்ந்த என் வீட்டுக்காரர் பெயர் வந்ததும் நிறுத்தினார். உங்களோடு கூடை சுமந்த ரோசி அலி சத்தமாகச் சொன்னான்: "நியாஸா? வழியில கூடையக் கீழ வச்சவனுக்கு ஏது பங்கு? அடிங்க அந்தப் பேர." அடித்துவிட்டார்கள். கூடை மண்ணில் படக்கூடாது, வழியில் வாய் திறக்கக்கூடாது, இரண்டும்தானே பனி நடுகிறவர்களுக்குச் சட்டம். நானும் மறுக்கவில்லை. அவரே பனி நட்ட வருஷத்துக் கூட்டத்தில் "ஆமா, வச்சேன்" என்று ஒப்புக்கொண்டவர்தானே.

உன் பெயர் இருக்கிறது. உன் அரை நாள் தண்ணீர் என் மூன்று பாத்தியையும் தாண்டிக் கீழே உன் வயலில் போய் விழுகிறது. உன் வயலில் என்ன இருக்கிறது தெரியுமா? நெருஞ்சி. தழைத்துக்கிடக்கிறது. என் வாற்கோதுமை ஒரு சாண் உயரத்தில் மஞ்சளாகிவிட்டது. மடையைத் தொட எனக்கு உரிமையில்லை, காவலுக்கு ஆள் போட்டிருக்கிறார்கள். பெயருக்குரியவன் கைப்பட எழுதிக் கொடுத்தால்தான் தண்ணீரை வேறு வயலுக்குத் திருப்ப முடியுமாம்.

அந்தத் தண்ணீரை என்ன செய்ய வேண்டும் என்று சொல். நெருஞ்சிக்கே ஓடட்டும் என்றாலும் சரி.

கனீஸ்


கராச்சி
24 மே 2003

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஐஸ் ஆலை வாசலில் நின்றுகொண்டே படித்தேன். பனி பிடித்துவிட்டதா! பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். எல்லாரும் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். ஒருவன், "ஐஸுக்குக் கல்யாணம் பண்ணி வைப்பீங்களாடா நீங்க? அப்போ இங்க தினமும் ஐந்நூறு கட்டி அடுக்குறோமே, எதுவும் குட்டி போடலையே?" என்று கேட்டுச் சிரித்தான். நானும் சேர்ந்து சிரித்தேன்.

என்னை என்ன கேள்வி கேட்டாய் அக்கா? என் தண்ணீர் உன்னுடையதில்லாமல் வேறு யாருடையது? இத்துடன் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். ஹாஜியிடம் கொடு. என் பங்கு முழுவதையும் என் அக்கா வயலுக்குத் திருப்பிவிடச் சொல்லியிருக்கிறேன். ஆயுசு முழுக்க நீயே வைத்துக்கொள்.

மச்சானை ரோசி அலி அப்படிப் பேசினானா? அவனுக்கு என்ன தெரியும்? மணிக்கட்டு பிசகி வீங்கிப்போயும் ஒரு முனகல் இல்லாமல் உச்சிவரை சுமந்துகொண்டு வந்த மனுஷன் அவர். அவன் அப்படிச் சுமப்பானா? விடு. போனவரைப் பற்றி யார் என்ன பேசினால் என்ன.

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. மீன்பிடித் துறைமுகத்துக்கு ஐஸ் போதவில்லை, இரண்டு வேளையும் வேலை. உடம்பைப் பார்த்துக்கொள். தண்ணீர் வந்ததும் எழுது.

உன் தம்பி,
மெஹ்தி


பராலுங்
11 ஜூன் 2003

மெஹ்தி,

நீ எழுதிக் கொடுத்த காகிதத்தை இரண்டாகக் கிழித்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஒட்டி வைத்துக்கொள்ளாதே.

உன் கடிதத்தை நான்கு தரம் படித்தேன். முதல் தரம் படித்தபோது அழுகை வந்தது, தம்பிக்கு நம் மேல் இன்னும் பாசம் இருக்கிறதே என்று. இரண்டாம் தரம் படித்தபோது ஒரு வரியில் மாட்டிக்கொண்டேன்.

மணிக்கட்டு.

அவர் பனி சுமந்துவிட்டு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை ஊர்க்கூட்டம். செவ்வாய் விடியும்போது நீ ஜீப் ஏறிவிட்டாய், என்னிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. அதற்கு ஒரு வாரம் கழித்து அவர் விறகு பிளந்துகொண்டிருந்தவர் "அம்மா" என்று உட்கார்ந்தார். மணிக்கட்டு பிசகிவிட்டது என்றார். அந்த வாரம் முழுக்க அவர் வலது கையைச் சால்வைக்குள்ளேயே வைத்திருந்தது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. நான்தான் கோதுமை மாவை வறுத்து ஒத்தடம் கொடுத்தேன். ஊரில் எல்லாருக்கும் அது விறகு பிளந்ததில் வந்த பிசகுதான். சாகும்வரை என்னிடமும் அப்படித்தான் சொன்னார்.

அது பனியில் நடந்தது என்று உனக்கு எப்படித் தெரியும்? வரிசையில் ஒருவருக்கொருவர் நூறடி தள்ளி நடப்பீர்கள். வாய் பேசக்கூடாது. மேலே போன பிறகும் பேசாமல் இறங்கிவிடுவீர்கள். அவர் கை வீங்கியதைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என்றால் நீ அவருக்குப் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். எங்கே நின்றாய்? எப்போது?

நேற்று வாய்க்காலில் பாத்திரம் கழுவப் போனேன். ரோசி அலியின் பெண்டாட்டி என்னைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவளிடம், "நல்லாக் கழுவிக்கட்டும், பாத்திரத்துக்கு மட்டும் தண்ணி இலவசம்தானே" என்றாள். நானும், "உன் வாயையும் கொஞ்சம் காட்டு, சேர்த்துக் கழுவிவிடுறேன்" என்றேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அதை அவளிடம் போய்ச் சொல்லிவிடாதே.

கேட்டதற்குப் பதில் எழுது. உன் தண்ணீர் எனக்கு வேண்டாம்.

கனீஸ்


கராச்சி
2 ஜூலை 2003

அக்கா,

நீ எப்போதுமே இப்படித்தான். ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்குவாய். மணிக்கட்டு விஷயம் யாரோ சொல்லித்தான் தெரியும். ஜீப் டிரைவர் யாராவது சொல்லியிருப்பான். பன்னிரண்டு வருஷத்தில் எத்தனையோ பேர் ஊரிலிருந்து வந்து போகிறார்கள். இதையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொண்டா இருப்பேன்?

பயிர் காய்கிறது என்கிறாய், தண்ணீர் கொடுத்தால் கிழித்துப் போடுகிறாய். ரோஷம் சாப்பாடு போடுமா? வேறொரு காகிதம் எழுதி வைத்திருக்கிறேன், புத்தி வந்ததும் வாங்கிக்கொள்.

பார்சலில் பேரீச்சம்பழமும் ஒரு கம்பளிச் சால்வையும் அனுப்பியிருக்கிறேன். செத்தவரைத் தோண்டாதே. அவர் நிம்மதியாக இருக்கட்டும்.

மெஹ்தி


பராலுங்
20 ஜூலை 2003

மெஹ்தி,

பார்சல் வந்தது. பழத்தைப் பள்ளிவாசலில் கொடுத்துவிட்டேன். சால்வை பெட்டியிலேயே கிடக்கிறது. குளிர் வந்தாலும் போர்த்தமாட்டேன்.

வாற்கோதுமையைப் பச்சையாகவே அறுத்து ஆட்டுக்குப் போட்டுவிட்டேன். கதிரில் பால் பிடிக்கவில்லை. ஆப்ரிகாட் மரங்கள் பத்தொன்பதும் காயைக் கோலிக்குண்டு அளவிலேயே உதிர்த்துவிட்டன. உன் நெருஞ்சி பூத்திருக்கிறது.

அவர் நிம்மதியாக இருக்கட்டும் என்று எழுதியிருக்கிறாய். அவர் எப்படி இருந்தார் என்று சொல்கிறேன், கேள். நீ இங்கே இல்லையல்லவா.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு ஊரில் யார் இறந்தாலும், உடலைச் சுமக்கும் சந்தூக்குக்குத் தோள் கொடுக்க அவரை விடவில்லை. முதல் தடவை அவர் பாட்டுக்குப் போய்க் குனிந்தார். ரோசி அலி கையைத் தட்டிவிட்டு, "நீ வேண்டாம்பா. வழியில கீழ வச்சிருவ" என்றான். சாவு வீட்டில் நான்கு பேர் சிரித்தார்கள். அதற்கப்புறம் அவர் கூட்டத்தின் பின்னால், எல்லாருக்கும் கடைசியாக, தனியாக நடப்பார். நம் அப்பா இறந்தபோதும் அப்படித்தான். மருமகன் பின்னால் நடந்தார். நீயும் வரவில்லை. அப்பாவுக்குத் தோள் கொடுக்க நம் வீட்டில் ஆளில்லை.

மழை பொய்த்தாலும், ஆடு செத்தாலும், "கூடையக் கீழ வச்சதால வந்த வினை" என்பார்கள். அவர் ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. எனக்கே கோபம் வரும். ஒருநாள் நான் கேட்டேன்: "அப்படி என்ன முதுகு வலிச்சுது உங்களுக்கு? கோலை முட்டுக் கொடுத்து நின்னு மூச்சு வாங்கியிருக்கக்கூடாதா? என்னையும் சேத்துத் தலைகுனிய வச்சிட்டீங்களே." அதற்கு அவர், "ஆமா கனீஸ், தப்புத்தான்" என்றார். அவ்வளவுதான். அப்புறம் மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை. இப்போது அந்த மூன்று நாளை நான் யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பேன்?

போன வருஷம் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்களே, அன்று கல்லறை மேட்டில் ஏற முடியாமல் இரண்டு இடத்தில் சந்தூக்கைக் கீழே வைத்து மூச்சு வாங்கினார்கள். நான் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருத்தன் பெயரையும் யாரும் அடிக்கவில்லை.

நீ அங்கே நாள் முழுக்க ஐஸ் சுமக்கிறாய். எத்தனை தரம் கீழே வைக்கிறாய்?

ஜீப் டிரைவர் சொன்னதாக இன்னொரு முறை எழுதாதே. இங்கே யாருக்குமே தெரியாத ஒன்றை எந்த டிரைவரும் சொல்லியிருக்க முடியாது. உண்மையை எழுது. இல்லாவிட்டால் எழுதவே எழுதாதே, எனக்குத் தம்பி இல்லை என்று இருந்துவிடுகிறேன்.

கனீஸ்


கராச்சி
9 ஆகஸ்ட் 2003

அக்கா,

இதை மூன்று நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். சுருக்கமாகச் சொன்னால்தான் முடியும்.

பெண் பனி எடுத்துக்கொண்டு வரும் வழியில், பனிப்பாறையில் பெரிய விரிசல் ஒன்று இருக்கிறது. மேலே புதுப்பனி மூடியிருந்ததால் எனக்குத் தெரியவில்லை. கால் வைத்தேன், இடுப்புவரை இறங்கிவிட்டேன். கூடை சரிந்து, பனிக்கட்டி கொட்டிவிட்டது. கீழே கால் எதிலும் படவில்லை. கத்த வாயெடுத்தேன். கத்தவில்லை. ஊர்ச் சட்டம் அக்கா. சாகப்போகிறேன் என்று தெரிந்தும் வாயைக் கடித்துக்கொண்டு தொங்கினேன். இதை இங்கே யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். உனக்குப் புரியும்.

எனக்கு முன்னால் மச்சான் போய்க்கொண்டிருந்தார். எப்படித் திரும்பிப் பார்த்தார் என்று தெரியாது. பின்னால் நடைச் சத்தம் நின்றதைக் கவனித்திருப்பார். ஓடி வந்தார். ஒரு நொடி என்னைப் பார்த்தார், முதுகைச் சாய்த்துக் கூடையைக் கீழே வைத்தார். குப்புறப் படுத்து என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். என் பாரம் முழுக்க அவர் வலது கையில் தொங்கியபோது மணிக்கட்டில் ஒரு சத்தம் கேட்டது. அவரும் கத்தவில்லை. வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, இடது கையால் என் பனிக்கட்டிகளைப் பொறுக்கி என் கூடையில் போட்டு, முதலில் என் முதுகில் ஏற்றிவிட்டார். போ என்று தலையை ஆட்டினார். நான் போனேன். அதற்குள், எங்களுக்கு வெகுதூரம் பின்தங்கி வந்த ரோசி அலி வளைவில் வந்துவிட்டான். அவன் கண்ணில் பட்டது மச்சானின் கூடை மட்டும்தான்.

கூட்டத்தில் கேட்டபோது அவர் "ஆமா, வச்சேன்" என்றார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. என் பக்கம் ஒரே ஒரு தடவை பார்த்தார். நான் பாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கூட்டம் முடிந்ததும் ஆட்டுப்பட்டிக்குப் பின்னால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் சொன்னது ஒரு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. "நீ வாயைத் திறக்காத. ஒரு கூடை போச்சுன்னா, போனாப் போகட்டும் மிச்சம் இருபத்து மூணு இருக்குன்னு ஊரு தேத்திக்கும். பெண் பனியில ரெண்டு கூடை போச்சுன்னு தெரிஞ்சா, இந்தக் கல்யாணமே செல்லாதுன்னு மேல ஏறிக் கரி போடக்கூட எவனும் வரமாட்டான். பனி செத்துப்போயிடும். தண்ணி வந்த பெறகு சொல்லிக்கலாம்."

தண்ணீர் வந்த பிறகு சொல்லலாம் என்றார். வருவதற்குள் அவரே போய்விட்டார். ஊருக்காகத்தான் வாயை மூடினேன் என்று இத்தனை வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். நான் பயந்தேன். அதனால்தான் விடியும் முன் ஜீப் ஏறினேன். அப்பா சாவுக்கும் வராமல் இருந்ததற்கு அதுதான் காரணம். அப்பா இறந்த சேதி சரியான நேரத்துக்கு வந்தது அக்கா. வரவில்லை என்று அப்போது உனக்கு எழுதியதும் பொய்.

இத்துடன் ஊர்க்கூட்டத்துக்கு ஒரு கடிதம் இருக்கிறது. எல்லாவற்றையும் எழுதி, குர்ஆன் மேல் ஆணையிட்டு, நம் பக்கத்து ஆட்கள் இருவரைச் சாட்சிக் கையெழுத்தும் போட வைத்திருக்கிறேன். உனக்கு இஷ்டம் என்றால் படிக்கச் சொல். இல்லை, என் தண்ணீரை வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்கலாம் என்று தோன்றினாலும் நான் தப்பாக நினைக்கமாட்டேன்.

மெஹ்தி


பராலுங்
3 செப்டம்பர் 2003

மெஹ்தி,

உன் கடிதத்தை வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு வாத்தியார் படித்தார். நான் பெண்கள் பக்கத் திரைக்குப் பின்னால் நின்றேன். படித்து முடித்ததும் வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குக்கூட ஒரு நிமிஷம் நம்பிக்கை வந்துவிட்டது.

அப்புறம் ரோசி அலி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அப்ப ரெண்டு கூடை தரையில பட்டிருக்கு. ரெண்டு பேரையும்தான் அடிக்கணும்" என்றான். சட்டப்படி அதுதான் சரி என்று ஹாஜியும் சொன்னார். உன் பெயரையும் அடித்துவிட்டார்கள். உன் அரை நாளை மிச்சம் இருபத்திரண்டு பேரும் பிரித்துக்கொள்வார்களாம். எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு துளி அதிகம். அதனால் எல்லாருக்கும் சட்டம் பிடித்துப்போய்விட்டது.

நான் திரையை விலக்கிக்கொண்டு கத்தினேன். இந்த ஊரில் எந்தப் பெண்ணும் அங்கே வாய் திறந்ததில்லை. "ரெண்டு கூடை தரையில பட்டும் பனி பிடிச்சிருக்கே! நீங்க குடிக்கிற தண்ணி அதுதானே? மண்ணுல பட்டா பிடிக்காதுன்னு சாகுற வரைக்கும் என் புருஷன நாய் மாதிரி பின்னால நடக்க வச்சீங்களே, இப்ப என்ன சொல்றீங்க?" என்று கேட்டேன். எல்லாரும் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உன்னைப் போலவே. ஹாஜி மட்டும், "உட்காரும்மா, ஒனக்கு மனசு சரியில்ல" என்றார்.

அவ்வளவுதான். உன் காகிதத்தை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருந்தால் எனக்கு அரை நாள் தண்ணீர் இருந்திருக்கும். இப்போது நம் இரண்டு வயலுக்கும் இல்லை. உன் நெருஞ்சியும் காய்கிறது. ஆறு ஆப்ரிகாட் மரத்தை வெட்டி விறகாக்கிவிட்டேன், மிச்சத்தை அடுத்த வருஷம் பார்க்க வேண்டும். கடிதத்தைப் படிக்க வைத்தது தப்பா என்று தினமும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். ஒரு நாள் ஆமாம் என்கிறது மனசு, ஒரு நாள் இல்லை என்கிறது.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நீ விரிசலில் தொங்கியபோது பயந்ததை மன்னிக்கலாம். சமவெளியில், வெயிலில், பன்னிரண்டு வருஷம் பயந்ததை எப்படி மன்னிப்பது? "தப்புத்தான் கனீஸ்" என்று அவர் என்னிடம் சொன்னபோது நீ எங்கே இருந்தாய்?

இன்னொரு விஷயம், இதற்காகத்தான் எழுதுகிறேன். ஒரு பனி ஊருக்குப் போதாதாம். நவம்பரில் கிழக்குப் பள்ளத்தில் இன்னொன்று நடப்போகிறார்கள். பெயர் அடிபட்ட வீட்டுக்காரர்கள் மறுபடி சுமந்தால் பங்கு உண்டு என்று சொல்லியிருக்கிறார்கள். என் வீட்டில் சுமக்க ஆளில்லை. பெண் சுமந்தால் பனி பிடிக்காதாம், கேட்டுப் பார்த்துவிட்டேன்.

ஆகவே நீ வா. அவருடைய கூடை இருக்கிறது. அதில் இத்தனை வருஷம் சாணி சுமந்தேன். இப்போது கழுவிக் காயவைத்து, தோள்பட்டைக் கயிறும் மாற்றிவிட்டேன். நீ சுமக்கப்போவது உன் பெயருக்கு இல்லை. நியாஸ் பெயருக்கு. ஹாஜியிடம் அப்படியே எழுதி வாங்கிவிட்டேன். பனி பிடிக்கப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகும், அப்போது நான் இருக்கிறேனோ இல்லையோ, அந்தக் காகிதத்தில் அவர் பெயர் அடிக்கப்படாமல் இருக்க வேண்டும். எனக்கு அது போதும்.

நவம்பர் பத்துக்குள் வந்துவிடு. என் வீட்டில் தங்காதே, பள்ளிவாசலில் படுத்துக்கொள். சால்வையைத் தருகிறேன், அங்கே குளிரும்.

கூடையோடு நடக்கும்போது உனக்கு முன்னாலோ பின்னாலோ எவனாவது விரிசலில் விழுந்தால், அது ரோசி அலியாகவே இருந்தாலும், யோசிக்காமல் கூடையைக் கீழே வை. வைத்துவிட்டு, ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்து.

கனீஸ்